நான் கூட்டத்தில் வைக்காத விண்ணப்பம்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவரை நான் மூன்று ஆண்டுகள் ஏமாற்றினேன். எங்கள் கிளப்பில் சேர அவர் கொடுத்த விண்ணப்பத்தை நிர்வாகக் குழுவின் முன் வைக்காமல் என் கோப்பிலேயே வைத்துக்கொண்டு, குழு யோசித்துக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் சொல்லிவந்தேன். பிறகு கடல் கடந்து அவருடைய நண்பரின் வீட்டுக்கே போய், அவரைப் பற்றி ஒரு பொய்யும் சொன்னேன். ஏன் செய்தாய் என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. கல்லூரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். எது எதோடு சேர்ந்து என்ன ஆகும் என்று சொல்வதே என் தொழில். இந்த ஒன்றை மட்டும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல நாடுகளில் கிளைகள் உள்ள கிளப் அது. ஓர் ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேராக இன்னோர் ஊருக்குப் போவார்கள். விடுதியில் தங்க மாட்டார்கள். அந்த ஊர் உறுப்பினர்களின் வீடுகளில், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, நாலைந்து நாள் இருப்பார்கள். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ அங்கிருப்பவர்களும் இங்கே வருவார்கள். தூத்துக்குடிக் கிளையில் இருந்தவர்கள் மருத்துவர்கள், உப்பு வியாபாரிகள், கப்பல் ஏஜென்டுகள், என்னைப் போல் நாசரேத், சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட வாத்தியார்கள். எந்த விருந்தாளியை எந்த வீட்டில் வைப்பது என்று பொருத்துவது என் வேலை. விருந்தாளிகளின் படிவங்களை ஒரு பக்கமும் வீடுகளின் படிவங்களை மறு பக்கமும் பரப்பி வைத்து ஜோடி சேர்ப்பேன். ஜாதகம் பார்ப்பது போல் இருக்கிறது என்று என் மனைவி கிண்டல் செய்வாள். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

ஒருமுறை நெதர்லாந்திலிருந்து ஒரு குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்து, அந்த வீடு கிடைக்காமல் போயிற்று. அங்கே தங்க வேண்டியவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மனைவியை இழந்தவர். கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் நல்லது என்று தன் படிவத்தில் எழுதியிருந்தார். எனக்குத் திடீரென்று என் பழைய மாணவி ஒருத்தியின் நினைவு வந்தது. அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை, ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள், வீடு திரேஸ்புரத்தில். அப்பா சங்கு குளிப்பவர். நேரே போய்விட்டேன்.

அவள் அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வெள்ளக்காரருக்கு என்ன சார் குடுக்கணும்?" என்றார்.

"நீங்க சாப்பிடுறதத்தான்."

"நாங்க காலைல பழைய கஞ்சியும் கருவாடும்லா திங்கோம்."

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அதக் குடுத்துப் பாருங்க, அந்த மனுசன் மறுநாளே கப்பலேறிருவாரு."

எல்லோரும் சிரித்தோம். நான் தற்காலிக விருந்தோம்புநருக்கான படிவத்தை நீட்டினேன். "நாலே நாளுதான். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. இனிமே நீங்களும் நம்ம கிளப் ஆளுதான்" என்றேன். இப்படிச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அந்த நிமிடத்தில் அது உண்மை என்றே நினைத்தேன்.

அந்த நான்கு நாட்கள் எப்படிப் போயின என்பது எனக்கு மாணவி சொல்லித்தான் தெரியும். முதல் நாள் மாலை பல் மருத்துவர் அவள் அப்பாவின் வாயைப் பார்த்திருக்கிறார். பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில், படகிலிருந்து வரும் காற்றுக் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டே மணிக்கணக்கில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். முன்பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. அவர் ஆச்சரியப்பட்டு டார்ச் அடித்துப் பார்த்து, குறிப்பெடுத்து, இன்னொருவரைக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலை அந்தத் தெருவில் இருந்த சங்கு குளிகாரர்கள் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்களாம். அவர்களோடு, பல்வலி உள்ள கிழவிகளும். வீட்டில் இருந்த செவலை நாய் நாலு நாளும் அவர் கட்டிலுக்கடியில்தான் படுத்திருந்தது. கஞ்சியும் கருவாடும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பிரிவு விருந்தில் ஒவ்வொரு விருந்தாளியும் தான் தங்கிய வீட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது வழக்கம். எல்லோரும் சாப்பாட்டையும் சேலைகளையும் திருச்செந்தூர்க் கோயில் யானையையும் சொன்னார்கள். பல் மருத்துவர் பத்து நிமிடம் பேசினார். மனைவி இறந்த பிறகு ஒரு வீட்டில் தன்னை யாரும் விருந்தாளியாக நினைக்காமல் இருந்தது இதுதான் முதல்முறை என்றார். நடுவில் குரல் நின்றுவிட்டது. குளிகாரர் எழுந்து போய் அவர் தோளில் கைவைத்து நின்றார். அவர் பேசியதில் ஒரு சொல்லும் குளிகாரருக்குப் புரிந்திருக்காது. எல்லோரும் கைதட்டினார்கள். என் மேசையில் இருந்த கப்பல் ஏஜென்ட் ஒருவர், "சார், அடுத்த தடவ நாம எல்லாரும் திரேஸ்புரத்துலயே வீடு பாத்துருவோம். ஏசி போட்டு வச்சு இங்கன ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அங்கேதான் ஆரம்பித்ததோ? சில நாள் அப்படித் தோன்றுகிறது. என் வீட்டில் எத்தனையோ பேர் தங்கியிருக்கிறார்கள், ஒருவரும் என்னைப் பற்றிப் பேசும்போது குரல் உடையவில்லை. அதுதான் காரணம் என்றால், அது பொறாமை, சுலபமாகப் புரிகிறது. ஆனால் வேறு சில நாள், பொறாமையைச் சாக்காகச் சொல்லி அதைவிட அசிங்கமான ஒன்றை மறைக்கிறேனோ என்று சந்தேகம் வருகிறது. அவர் மாதக் கூட்டத்துக்கு வந்து டாக்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்தது நிஜம். மற்றவர்கள் சங்கடப்படுவார்கள் என்றுதான் யோசித்தேன். எனக்கு அதில் சங்கடம் இருக்கிறது என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

அடுத்த வாரமே அவர் வீட்டிலிருந்து முறையான சேர்க்கை விண்ணப்பம் வந்தது. மகளின் அழகான கையெழுத்து, கணவனும் மனைவியும் ஸ்டுடியோவில் எடுத்த படம். நான் அதைக் கோப்பில் வைத்தேன். அந்த மாதக் கூட்டத்தில் வேறு விஷயங்கள் அதிகம் இருந்தன. அதற்கடுத்த மாதமும் வைக்கவில்லை. அவர் மீன் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து விசாரித்தபோது, "வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கணும்னு ஒரு விதி இருக்கு. அதப் பத்திப் பேசிக்கிட்டிருக்காங்க" என்றேன். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

ஆறே மாதத்தில் கட்டிவிட்டார். மகள் போனில் படம் அனுப்பினாள். பிறகு நான் தனி அறை வேண்டும் என்றேன். கூடத்தைத் தடுத்து, கதவு போட்டு, உள்ளே தாழ்ப்பாளும் வைத்தார். அதற்கும் படம் வந்தது. அப்போது எனக்கு நிஜமாகவே ஒரு பயம் வந்தது. இந்த மனிதர் எதைச் சொன்னாலும் செய்துவிடுவார் போலிருக்கிறதே என்று. படிவத்தைப் புரட்டினேன். வீட்டில் வளர்ப்புப் பிராணி உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ஒவ்வாமை உள்ள விருந்தாளியை அங்கே அனுப்பாமல் இருப்பதற்காகக் கேட்பது அது. அவ்வளவுதான். அது தெரிந்தே, "நாய்தான் இடிக்குது" என்று சொன்னேன். அவர் நாயை மணப்பாட்டில் இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் குழு நெதர்லாந்து போகும் முறை வந்தது, அதுவும் அந்தப் பல் மருத்துவரின் ஊருக்கே. உறுப்பினர்கள் மட்டும்தான் போகலாம். மாணவி போனில் கேட்டாள். "சார், அப்பா பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்காங்க. அவங்க பேரு லிஸ்ட்ல வருமா?"

"லிஸ்ட் நம்ம கையில இல்லம்மா. வெளிநாட்டு ஆபீஸ்ல முடிவு பண்றாங்க" என்றேன்.

"சரி சார்" என்றாள். அவள் என் வகுப்பில் மூன்று ஆண்டுகள் முன்வரிசையில் உட்கார்ந்தவள். நான் சொன்னதை நம்புவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

போனோம். அந்த ஊர் மண்டபத்தில் விருந்தோம்புகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். பல் மருத்துவர் எங்கள் ஒவ்வொருவராகப் பார்த்து, எங்களுக்குப் பின்னால் வாசலையும் பார்த்தார். இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு என்னிடம் வந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் அந்த ஊர்ப் பொருத்துநர் அவர் வீட்டைக் குளிகாரருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். ஆள் வராததால் என்னை அங்கே போட்டார்கள். நானே செய்து பழகிய வேலைதான் அது.

அன்று மதியம் அவர் இந்திய வம்சாவளிச் சூரினாம்காரர்கள் கடையில் புளியும் மிளகாய்த் தூளும் வாங்கி வந்து வைத்த மீன் குழம்பை என் முன் வைத்தார். மாணவி எழுதி அனுப்பிய பக்குவமாம். புளி கூடிப்போயிருந்தது. நான் சாப்பிட்டேன். "அவர் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். வாய்க்கு வந்தது: "விமானத்தில் ஏற அவருக்குப் பயம்." கடலுக்கடியில் போகிறவருக்கா என்றார். மனிதர்களுக்குப் பயம் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மகளை நடுவில் வைத்து அவர்களுக்குள் போன் பேச்சு இருந்ததே, இந்தப் பொய் எப்படி நிலைத்தது என்று எனக்கே பிறகு ஆச்சரியமாக இருந்தது. இருவரும் மிகவும் நாசூக்கானவர்கள், அதுதான். பயந்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பல் மருத்துவர் வரச்சொல்லிக் கேட்பதை நிறுத்திக்கொண்டார். பட்டியலில் பேர் வராததைச் சொல்லிக்கொள்ளக் கூசி, பிறகு கூப்பிடாதவரிடம் எப்படிக் கேட்பது என்று குளிகாரர் இருந்துவிட்டார். வாரா வாரம் வந்த போன் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்குமாகக் குறைந்தது.

வயதாகிவிட்டதால் பொருத்தும் வேலையை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. கோப்பை வாங்கிக்கொண்டவர் ஓர் இளம் பெண் மருத்துவர். என் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர் அந்த ஸ்டுடியோ படத்தில் நின்றார். "சார், இது யாரு? இது கமிட்டிக்கே வரலியே."

"அவங்க அப்புறம் தொடர்பு கொள்ளல" என்றேன்.

சமையலறை வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாப் படங்களும் தெரியும்; டாய்லெட், அறை, எல்லாம். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் கோப்பிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த மருத்துவர் போன பிறகு அதை எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்குக் கிளம்பினேன். மனம் திருந்திக் கிளம்பினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மாட்டிக்கொண்டதால் கிளம்பினேனா என்றும் தெரியவில்லை.

அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டு வலி. குளிக்கப் போவதை நிறுத்தி ஓராண்டு ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். கமிட்டி கூடிருச்சா?"

"கமிட்டி மாசா மாசம் கூடுது. உங்க பேப்பர நான் வைக்கவே இல்ல."

"வைக்கலன்னா?"

"என் வீட்டுல இருந்துச்சு. மூணு வருசமா. நானாத்தான் வைக்கல."

அவர் விண்ணப்பத்தை வாங்கி, தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்த நாயி?" என்றார்.

"நாய் இருக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல."

"அது செத்துப்போச்சு சார். அங்கன கொண்டுபோய் விட்டதுலேருந்து சரியா திங்கல."

அவர் மனைவி வெளியே வந்தார். "ஏன் சார் இப்படிப் பண்ணுனிய? நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?"

"தெரியல" என்றேன்.

"தெரியலையா! எம்புட்டுப் படிச்ச மனுசரு, தெரியலங்கியளே! எங்களுக்குத் தெரியுது சார். உங்களுக்கா தெரியல?"

"ஏளா, சும்மா இரு" என்றார் அவர். நான் விமானப் பொய்யையும் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முன்னால் குனிந்து, "அவரு அத நம்பிட்டாரா?" என்று கேட்டார்.

"நம்பிட்டாரு."

"அதாம் அதுக்கப்புறம் என்னைய வான்னே சொல்லல" என்றார். "நான் என்ன நெனச்சேன்னா, நாளாக நாளாக மறந்துட்டாரு போலன்னு நெனச்சேன்." அவர் குரலில் இருந்தது நிம்மதி என்றுதான் எனக்குப் பட்டது. அது எனக்கு, அவர் மனைவி ஏசியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்று மாலையே பல் மருத்துவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்புவதற்கு முன் மாணவியிடம் காட்டினேன். ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது என்று ஆரம்பித்திருந்தேன். அவள் படித்துவிட்டு, "இது வேண்டாம் சார். நான் பொய் சொன்னேன்னு போடுங்க" என்றாள். அப்படியே போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் விண்ணப்பத்தை நானே வைத்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை. அந்தக் கப்பல் ஏஜென்ட், "இவரு அப்பவே சேந்துட்டாருன்னுலா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். இத்தனை ஆண்டுகள் யாருக்குப் பயந்தேன் என்று விளங்காமல், எழுந்து நின்று, வேண்டுமென்றே மறைத்தேன் என்று சொன்னேன். தலைவர், "வயசானா மறதி சகஜம் சார், அதுக்குப் போய் இவ்வளவு பெரிய வார்த்தை எதுக்கு?" என்றார். மறதி இல்லை என்றேன். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் சேவைக்காக முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்களாம். அதைக் கழற்றி மேசைமேல் வைக்கும் துணிவும் எனக்கு இல்லை. போர்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உறுப்பினர் கடிதத்தைத் திரேஸ்புரத்தில் கொடுத்தேன். குளிகாரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. பல் மருத்துவரிடமிருந்தும் எனக்குப் பதில் வரவில்லை.

நாலு மாதம் கழித்து மாணவி போன் செய்தாள். "சார், பல் டாக்டர் வந்திருக்காங்க. தனியா. எங்க வீட்டுலதான் இருக்காங்க. உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க அப்பா."

"என்னை வரச் சொன்னாரா?"

"சொல்லச் சொன்னாங்க சார்" என்றாள் மறுபடியும்.

அது அழைப்பா, இல்லையா? மனைவியிடம் கேட்டேன். "போய்ப் பாத்தாத்தான தெரியும்" என்றாள். போனேன். பல் மருத்துவருக்கு எண்பது கடந்திருந்தது, இளைத்திருந்தார். எனக்குக் கைகொடுத்தார், என் மின்னஞ்சலைப் பற்றிப் பேசவில்லை. இருவரும் வள்ளத்தில் ஏறித் துறைமுகப் பக்கம் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "சார், வாரியளா?" என்றார் குளிகாரர். முழங்காலைக் காட்டினேன். "அப்பம் இருங்க, வந்துருதோம்" என்று போய்விட்டார்கள். இருங்க என்றது, திரும்பி வரும்வரை காத்திருக்கச் சொன்னதா, சும்மா சொல்லும் வார்த்தையா என்று யோசித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தார். அவர்கள் நனைந்து, சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தவும் இல்லை, எனக்கு விளக்கவும் இல்லை. சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது வாசலில் குளிகாரரிடம், "என்ன மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"சார், நாளன்னைக்கு அவரு போறாரு. வாகைக்குளத்துல ஏரோப்ளேன். நீங்க காரு கொண்டாருவியளா?"

கொண்டுவருகிறேன் என்றேன். அன்று இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள், மகள் நடுவில். வழி முழுக்கப் பேச்சு. மகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இருவரும் இனி ஒருவரையொருவர் பார்ப்பது சந்தேகம்தான், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பேச்செல்லாம் பல்லைப் பற்றியும் கருவாட்டைப் பற்றியும்தான். விமான நிலைய வாசலில் அதிக நேரம் வண்டியை நிறுத்தக் கூடாது என்று காவலர் விரட்டினார். அவர்கள் இறங்கி உள்ளே நடந்தார்கள், நான் வண்டியைத் தள்ளி நிறுத்தி அதற்குள்ளேயே இருந்தேன்.

குளிகாரர் திரும்பி வர நேரமாயிற்று. மகள் அங்கிருந்தே பேருந்தில் பள்ளிக்குப் போய்விட்டாள். அவர் மட்டும் வந்து பின்கதவைத் திறந்தார்.

"முன்னால வாங்களேன்" என்றேன்.

"இருக்கட்டும் சார். இங்கனன்னா கால நீட்டிக்கிடுவேன்."

அவருக்குக் கால்வலி இருப்பது உண்மைதான். முன்சீட்டில் நீட்ட இடமும் போதாது. அப்படியே ஊர்வரை ஓட்டிக்கொண்டு வந்தேன்.